தாடைப் பட்டை

வேண்டாம் தம்பி, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை, ஒன்றரைக் கிலோதான். உள்ளே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, பஸ் குலுக்கினால் கழன்றுவிடும். இப்போது காலிதான். இருந்தாலும்.

கண்டக்டர் கேட்டதைக் கேட்டீர்களே, "என்ன பெரியவரே, தையல் மிஷினா?" என்று. ஐம்பத்தேழு வயதுக்குப் பெரியவர்! போகட்டும். இது மூச்சு மெஷின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மூக்கில் மாட்டி விடுவது. ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்கில்லை. என் வீட்டம்மாவுக்கு. வசந்தாமணிக்கு.

அவள் திருப்பூரில் இருக்கிறாள், பெரியாஸ்பத்திரியில். படுத்திருப்பது அவள் இல்லை, அவள் தம்பி. இவள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். பத்தொன்பது நாளாகிறது. பத்தொன்பது ராத்திரி இந்த மெஷின் இல்லாமல் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை எடுத்தோம். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது. ஒரு ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினாள் என்று வையுங்கள், இருநூற்று இருபத்தெட்டு தடவை. அதைப் பத்தொன்பதால் பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கிப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு மின்வாரியத்தில் வேலை. திண்டுக்கல் பக்கம் ஒரு துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷமாக எழுதுகிறேன். எந்த லைனில் எவ்வளவு போகிறது, எங்கே கசிகிறது, முள் அசைவதை வைத்தே சொல்லிவிடுவேன். அதனால் இந்த மெஷின் வந்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஏனென்றால் இதுவும் எழுதுகிறது, தம்பி. ஒவ்வொரு மூச்சையும் எழுதுகிறது. ராத்திரி அவள் விட்ட மூச்சு அத்தனையும் காலையில் என் போனில் வந்து நிற்கும். எத்தனை மணி நேரம் போட்டிருந்தாள், எத்தனை தடவை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது, எத்தனை தடவை கழற்றினாள். என் மகளைக் கட்டின மாப்பிள்ளை என் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார். அதில் மூச்சு மூச்சாகவே பார்க்கலாம், கோடாக.

நல்ல தூக்கத்தில் மூச்சு எப்படி வரும் தெரியுமா? கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரும். ஒரே அளவு, ஒரே இடைவெளி. மூச்சு நின்றால் கோடு அப்படியே படுத்துவிடும். பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு துள்ளிக்கொண்டு எழும். தொண்டை அடைத்து நின்றதா, மூளையே மூச்சு விட மறந்து நின்றதா என்று கூடப் பிரித்துச் சொல்லும். எல்லாம் படித்துக்கொண்டேன். காலையில் காபி வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவேன். "ஒன்றேகாலுக்கு எதுக்கு எழுந்தே?" என்று இங்கிருந்தே கேட்பேன். "பாத்ரூமுக்கு" என்பாள் அடுப்படியிலிருந்து. "ரெண்டு அம்பதுக்கு?" "தண்ணி குடிச்சேன்." அதையும் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஸ்டேஷனில் சிரிப்பார்கள். "என்னய்யா, சம்சாரத்துக்கும் லாக் புக் போடறியாமே? லைன் லாஸ் எவ்வளவு?" என்று. வழியில் வீணாகிற கரண்டுக்கு நாங்கள் சொல்கிற பேர் அது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எத்தனை பேர் பெண்டாட்டி குறட்டை விட்டால் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போகிறார்கள்? நான் அவள் மூச்சை எண்ணினேன். தப்பா?

தப்பா என்று உங்களைக் கேட்கிறேன். பத்தொன்பது நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முப்பத்தெட்டு நாலாகக் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு கோளாறு. ராத்திரி மூன்று பத்து வரைக்கும் புள்ளி வைத்த மாதிரி வருகிற மூச்சு, மூன்று பத்துக்கு மேல் கன்னாபின்னாவென்று ஆகிவிடும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் நின்றுபோகும். கசிவும் அதே நேரத்தில் எகிறும். வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். நாற்பது நிமிஷம். மூன்று ஐம்பதுக்கு எல்லாம் அடங்கிப் பழையபடி ஆகிவிடும். தினமும்.

டாக்டரிடம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். இளம் வயசு டாக்டர். பார்த்துவிட்டு, "இந்த நேரத்துல அம்மா முழிச்சிருக்காங்களோ? முழிச்சிருக்கும்போது மூச்சு இப்படித்தான் கோணல்மாணலா வரும். அதையும் மெஷின் நோய்னு நெனச்சு எண்ணிக்கும். எதுக்கும் அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ராத்திரியில முழிப்பு வருதா உனக்கு?" என்றேன். "இல்லையே" என்றாள். அவ்வளவுதான். இல்லை என்று சொல்கிறவளை எப்படித் துருவுவது? தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது என்று முடிவு செய்தேன். கசிவு இருந்தால் அடைக்க வேண்டியதுதானே. அதற்கென்றே ஒரு பட்டை விற்கிறார்கள். மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டும். தாடை அசையாது, வாய் திறக்காது.

வாங்கி வந்து நானே கட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தாள். "செத்தவங்களுக்குக் கட்டற மாதிரி இருக்குங்க" என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாள். முப்பது வருஷத்தில் அவள் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்.

பட்டை கட்டிய மறுநாள் பார்க்க வேண்டுமே! கசிவு பூஜ்யம். மூச்சு நின்றது இரண்டே தடவை. மூன்று பத்து கூட ஏதோ லேசாகத் தடுமாறிவிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அந்தத் தடுமாற்றமும் இல்லை. டாக்டர், "வீட்டுக்கு ஒரு ஆள் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது சார்" என்றார். அந்தப் பிரிண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் முழுக்கக் காட்டினேன். லைன் லாஸ் கேட்டானே, அவனுக்கு இரண்டு தடவை காட்டினேன்.

ஒட்டன்சத்திரமா இது? கூட்டம் ஏறுகிறது, கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் சாய்ந்துகொள்ளுங்கள்.

தண்டபாணியைப் பற்றிச் சொல்லவில்லையே. வசந்தாவின் தம்பி. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன். கல்யாணம் ஆகவில்லை. குடி. குடியென்றால் கொஞ்ச நஞ்சமில்லை. என் மகள் அபிநயா கல்யாணத்துக்குத் தாய்மாமன் அவன்தான். மாலை போட்டு மணமேடைக்குக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவன். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது வந்தான். வாசனை அவனுக்கு முன்னாலேயே மண்டபத்துக்குள் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். நான் என்ன செய்ய? அவன் கையிலிருந்து மாலையை வாங்கி வசந்தாவின் சித்தப்பா பையனிடம் கொடுத்தேன். "நீ போய்ப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுக் கிளம்பு மாப்ளே" என்றேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். நாலு பேர் கேட்கிற மாதிரி மெதுவாக. அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வசந்தாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "இனி அவன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது, இந்த வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு போன் போகக் கூடாது." சரி என்று தலையாட்டினாள். நாலு வருஷம் அவன் பேரை அவள் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் காலை பத்து மணி இருக்கும், வசந்தா மாடியில் துணி உலர்த்துகிறாள், அவள் போன் அடித்தது. எடுத்தேன். மில் சூப்பர்வைசர். "சார், தண்டபாணி மில் கேட் பக்கத்துல விழுந்து கெடந்தாரு. கொஞ்ச நாளா மறுபடியும் குடிச்சாரு, வலிப்பு மாதிரி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். அவரு போன்ல 'அக்கா'ன்னு இந்த நம்பர் இருந்துச்சு. தினமும் ராத்திரி மூணு மூணேகாலுக்கு இதுக்குத்தானே பேசுவாரு, அதான் கூப்பிட்டேன்" என்றார்.

தினமும் மூணு மூணேகாலுக்கு.

துணிக் கூடையோடு இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை. இடுப்பில் வைத்தபடியே நின்று சொன்னாள். கல்யாணத்தன்றே குடியை விட்டவனாம் அவன். அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் போனவன் நாலு வருஷம் தொடவில்லையாம். அபிக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அவள் குழந்தைக்குக் காது குத்தும்போது மடி கொடுக்கத் தண்டபாணியை விட்டால் ஆளில்லை. அதற்காகவே விட்டானாம். ஆனால் அந்த மில் வாசலில் ராத்திரி மூன்று மணிக்கு லோடு ஏற்றி முடித்துவிட்டு லாரிக்காரர்கள் பாட்டிலைத் திறப்பார்கள். "வாய்யா வாட்ச்மேன்" என்று கூப்பிடுவார்கள். அப்போது இவன் ஷெட்டுக்குள் போய் அக்காவுக்குப் போன் போடுவான். லாரி கிளம்பிப் போகிற வரைக்கும் இவள் பேச வேண்டும். என்ன பேச்சு? ஊர்க் கதை, அம்மா சமையல், அபியின் குழந்தைக்குப் பல் முளைத்தது. நாற்பது நிமிஷத்தில் லாரி போய்விடும். அவ்வளவுதான். நாலு வருஷத்தை நாற்பது நாற்பது நிமிஷமாக அவனைத் தாண்ட வைத்திருக்கிறாள்.

என் பக்கத்தில் படுத்துக்கொண்டு. மெஷின் வருவதற்கு முன்னால் என் குறட்டையே அவளுக்குத் துணையாக இருந்ததாம். நான் குறட்டை விடுகிறவன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மெஷின் வந்த பிறகு முதலில் இரண்டு மாதம் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பேசியிருக்கிறாள். நான்தான் காலையில் கேள்வி கேட்பேனே, எதற்குக் கழற்றினாய், எதற்குக் கழற்றினாய் என்று. அதனால் கழற்றாமலே பேசப் பழகிக்கொண்டாள். மூக்கில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தால் காற்றெல்லாம் வாய் வழியாகப் போகும், வார்த்தை வராது. நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும். அதிலும் குசுகுசுவென்று பேசியிருக்கிறாள்.

பிறகு நான் பட்டை கட்டினேன்.

"அதை அவிழ்த்துட்டுப் பேசியிருக்கலாமே வசந்தா" என்றேன். அந்த ஒட்டுப் பட்டை இருக்கிறதே, பிய்த்தால் 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும். துணி கிழிகிற மாதிரி. முதல் ராத்திரி பாதி பிய்த்ததும் நான் புரண்டு படுத்தேனாம். பயந்து அப்படியே அழுத்திவிட்டாளாம். "போன் வரும். காதுல வெச்சுக்குவேன். அவன் 'பேசுக்கா, பேசுக்கா'ம்பான். நான் 'ம்'முன்னு சொல்வேன். வேற என்ன வரும்? ஒரு வாரம் பாத்தான். 'உனக்கும் நான் வேண்டாதவனாயிட்டனா'ன்னு கேட்டான். அதுக்கும் 'ம்'முன்னுதான் வந்துச்சு எனக்கு. அப்புறம் கூப்பிடலை" என்றாள்.

பகலில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. நான் டூட்டியில் இருக்கும் ராத்திரியில் பேசியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம் கேட்கவில்லை. ஏனென்றால் பட்டை வாங்கின அதே வாரத்தில்தான் ராத்திரி டூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பகல் டூட்டிக்கு மாறியிருந்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, ராத்திரியில் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று காரணம் எழுதினேன். உண்மைதானே?

"எனக்குத் தெரியாதே வசந்தா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "தினமும் காலையில பாப்பீங்களே. இது அதுல வரலையா?" என்றாள். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிற மாதிரி கேட்டாள். இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தாராபுரம் வந்துவிட்டதா? நீங்கள் இறங்குகிற இடமில்லையே? நல்லது. டீ சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

தம்பி, ஒரு விஷயம் இருக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

இது அதில் வந்தது.

எப்படி வராமல் இருக்கும்? முப்பத்தோரு வருஷம் கோடு பார்த்தவன். ஒரு கோளாறு தினமும் சரியாக அதே நேரத்துக்கு வந்து அதே நேரத்துக்குப் போனால் அது கோளாறே இல்லை. யாரோ சுவிட்சைப் போட்டு அணைக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று. எனக்கு ராத்திரி டூட்டி இருந்த நாட்களில் அந்த நேரத்தில் கசிவே இருக்காது. நாற்பது நிமிஷம் வெற்றிடம். கழற்றி வைத்திருக்கிறாள். நான் வீட்டில் இருக்கும் நாளில் கசிவு, இல்லாத நாளில் வெற்றிடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நானே அந்த மெஷினை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தேன். பிறகு தினசரியை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். முட்டை விலை, மழைச் செய்தி, ராசிபலன், என்ன கிடைத்ததோ அது. பத்து நிமிஷம் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பேசும்போது நாம் வெடுக்கென்று மூச்சை இழுப்போம், வார்த்தை வார்த்தையாக மெல்ல விடுவோம். கோடு செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்கும், ரம்பத்தின் பல் மாதிரி. அவளுடைய மூன்று பத்துக் கோட்டைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே பல். ஒரே ரம்பம்.

யாரிடம் பேசுகிறாள் என்று தெரியாது. அது சத்தியம். போனை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அவள் மேல் சந்தேகப்படுகிறவன் இல்லை நான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்துக்கு விழித்திருக்கிறவன் அவள் சொந்தத்தில் யார் இருக்கிறான்? ஒரே ஒரு வாட்ச்மேன்தான் இருக்கிறான். அந்தப் பேர் என் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கம்ப்யூட்டரை மூடினேன். மறுநாள், திங்கட்கிழமை, போய்ப் பட்டையை வாங்கினேன்.

கசிவுக்குத்தான் வாங்கினேன். கடைக்காரனிடம் அப்படித்தான் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன், "வாய்க் கசிவு, பட்டை வாங்கியது" என்று. இப்போது அதைப் படிக்கும்போது வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையது.

நேற்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். இத்தனை நாளும் நான்தான் கூப்பிடுவேன், "ம்", "இல்லை", "சாப்பிட்டேன்" என்பாள். நேற்று அவளே. குரல் கம்மிப் போயிருந்தது. "எனக்கு முடியலைங்க. உக்காந்த எடத்துலயே கண்ணு சொருகுது. நீங்க ரெண்டு ராத்திரி வந்து இருங்க" என்றாள்.

"மெஷினைக் கொண்டு வரட்டுமா?" என்றேன்.

"மெஷின் எதுக்கு? அதை மாட்ட இங்க எடமும் இல்ல, பிளக்கும் இல்ல. ஆள்தான் வேணும். மூணு மணியானா முழிச்சுக்கறான். பதில் சொல்றதில்ல. ஆனா கேக்கறான், எனக்குத் தெரியும். பேச்சு நின்னா கையை உதறிக் குழாயைப் பிடுங்கறான். பேசிட்டே இருந்தா அடங்கறான்."

"நான் அவங்கிட்ட என்னம்மா பேசறது?"

"அது எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டாள்.

மெஷின் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வெறுங்கையோடு எப்படிப் போவது? வாசலில் நுழையும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?

ராத்திரி முழுக்க யோசித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஒரு நிமிஷம் ஆகும். மிச்சம்? அபி குழந்தையைப் பற்றிச் சொல்லலாம் என்றால், அந்தக் குழந்தை என்ன பேசுகிறது, எப்போது சிரிக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் வசந்தாவுக்குத்தான் தெரியும். அவன் ஊர்க் கதை எனக்குத் தெரியாது. அவன் அம்மா சமையலில் என்ன பிடிக்கும் என்று தெரியாது. முப்பது வருஷத்து மச்சினன். அவனிடம் நான் என்ன பேசியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டியா மாப்ளே" என்று கேட்பேன். "ஆச்சு மாமா" என்பான். அதற்கப்புறம் அவன் அக்காவிடம் போய்விடுவான், நான் பேப்பரை எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் சொல்லுங்கள் தம்பி. உங்களுக்கும் அவன் வயசுதான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எதில் ஆரம்பிப்பது? "சாப்பிட்டியா"வில் ஆரம்பிக்க முடியாது. அவனுக்கு மூக்கு வழியாகத்தான் கஞ்சி போகிறது. அதை விட்டால் எனக்கு வேறு ஆரம்பம் தெரியவில்லை.